முதலில் போய் நின்றவன்

"இந்த பட்டன் ஏம்மா தனியா நிக்குது? எதுனா தப்பு பண்ணிச்சா?"

ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஏஞ்சல் தன் அம்மாவின் லேப்டாப்பைப் பார்த்து ஒருநாள் இப்படிக் கேட்டாள். வெள்ளைத் திரையின் நடுவே 'விடுப்பு கேள்' என்ற ஒரே ஒரு பச்சைப் பட்டன் நின்றது. தப்பு செய்த பிள்ளைகளைத்தான் அவள் பள்ளியில் தனியாக நிறுத்துவார்கள்.

"இல்லடி. பக்கத்துல சேக்கறதுக்கு முன்னாடி நல்லாகீதான்னு பாக்கறோம், அவ்ளோதான்," என்றாள் சுகிர்தா.

மணவாள நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அவள் அலுவலகம். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் போனிலேயே விடுப்பு கேட்பதற்கு ஒரு வலைத்தளம் செய்துகொண்டிருந்தார்கள். அதை அடித்தளத்திலிருந்து அமைப்பதும், பட்டன், பெட்டி, எச்சரிக்கை என ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கும் ப்ரிவியூவை அதோடு இணைப்பதும் சுகிர்தாவின் பொறுப்பு. ஏஞ்சல் பிறந்தபோது வேலையை விட்டவள், மறுபடி வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கணவன் லோகுவை அவன் ஃபேக்டரியில் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். முதலாளி சரவணகுமார் இன்று இவள் வேலையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்வார்.

சரவணகுமார் கெட்டவர் அல்ல. ஆனால் யாருடைய பிழையையும் சுவரிலிருக்கும் பெரிய டிவியில் போட்டு, எல்லார் முன்னாலும் பேசுவார்.

"இன்னா சுகிர்தா, ரெடியா? டிவில போடு."

டிவியில் போடுவதற்கு முன் அவள் தன் லேப்டாப்பில் ப்ரிவியூவைத் திறந்தாள். காலையில் வலைத்தளத்தில் அழகாக இருந்த பட்டன், இங்கே நிறமும் வடிவமும் இல்லாமல் சாம்பல் கட்டையாகக் கிடந்தது. 'ஆண்டவரே' என்று உதடு மட்டும் அசைந்தது.

பக்கத்து நாற்காலியில் பார்த்திபன் இருந்தான். அவளைவிட வயதில் சிறியவன், ஆனால் இங்கே வெகுநாள் இருப்பவன். அவள் திரையை ஒரு பார்வை பார்த்தான். தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தபடியே, "அக்கா, கலரு, ஷேப்பு குடுக்கற ஸ்டைல் ஃபைல சைட்டுக்கு மட்டும் குடுத்துகிறீங்க. ப்ரிவியூ தனி ரூமு மாதிரி, அதுக்கும் தனியா குடுக்கணும்," என்றான். பிறகு எழுந்து, "சார், மொதல்ல என்னோடத பாத்துடுங்க," என்று டிவிப் பக்கம் போனான்.

அவன் வேலை பாதிதான் முடிந்திருந்தது. அது அவனுக்கே தெரியும்.

"இன்னாடா இது, வேகாத இட்லியாட்டம் கீது? லீவு கெடச்சிதா இல்லியான்னு எங்கடா வரும்?"

"அடுப்புலதான் சார் கீது."

"நீ கேஸே பத்த வெக்கல! நாளைக்குக் காலைல ஃபேக்டரிக்காரங்க வராங்க. அவங்க முன்னாடி சொதப்பிச்சின்னா இந்த ப்ராஜெக்ட்ல நீ இல்ல, சொல்ட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பார்த்திபனும் சிரித்துவைத்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சுகிர்தா ப்ரிவியூவின் அமைப்பில் ஒரு வரி சேர்த்தாள். பட்டன் பச்சையாயிற்று. பெட்டிகள் ஒவ்வொன்றாக நிறம் உடுத்திக்கொண்டன. தன் முறை வந்ததும் அதை டிவியில் போட்டாள்.

"சுத்தமா பண்ணிகிற," என்றார் சரவணகுமார். "ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ பர்மனென்ட்."

மனிதர் ஒருவருக்கொருவர் செய்யும் நன்மைகளில், பிறர் மானத்தை மூடும் நன்மைக்குச் சத்தமே இருப்பதில்லை.

சாப்பிடும்போது சுகிர்தா கேட்டாள். "எனக்காக நீ எதுக்குப்பா திட்டு வாங்கின?"

"அத்த வுடுக்கா. எனக்கு அது டெய்லி நாஷ்டா மாதிரி."

மறுநாள் விடியலில் பெரியபாளையத்தம்மன் கோயிலில் அவன் பிள்ளைக்கு மொட்டை. அதை முடித்துவிட்டு நேராக அலுவலகம் வருவதாகச் சொல்லியிருந்தான். அன்று மாலைவரை தலை நிமிராமல் வேலையை முடித்துவிட்டு, இரவே குடும்பத்தோடு கோயிலுக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். மற்றவர்களும் கிளம்பினார்கள்.

சுகிர்தா மட்டும் இருந்தாள். அவன் அவசரமாக முடித்ததை ப்ரிவியூவில் திறந்தாள். தொழிலாளியின் பெயரும், பக்கத்தில் 'ஏற்கப்பட்டது' என்ற சொல்லும் வரும் அட்டை அது. மாதிரிக்கு அவன் போட்டிருந்த பெயர்கள் அன்பு, பரத். இரண்டும் கச்சிதமாக இருந்தன. அவள் 'குணசுந்தரி ஆதிகேசவன்' என்று போட்டுப் பார்த்தாள். பெயர் நீண்டு, 'ஏற்கப்பட்டது' என்பதைப் போன் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது. நாளைக்கு வருகிறவர்கள் தங்கள் ஆட்களின் பெயர்களைத்தானே போட்டுப் பார்ப்பார்கள்?

பெயர் மடங்கி இரண்டு வரியாகும்படி திருத்தினாள். போனின் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தாள். 'ஏற்கப்பட்டது' முழுதாகத் தெரிந்தது. திருத்தத்தை அவன் வேலையோடு சேர்த்துவிட்டாள். எங்கோ ஒரு மூலையில் அவள் பெயர் பதிவாகும். அங்கே யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

சொல்லலாமா என்று போனை எடுத்தாள். அவன் பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்திருப்பான். இன்று அவன் கேட்ட திட்டு போதும்.

போனைப் பைக்குள் போட்டாள். ஃபேனை நிறுத்தி, கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினாள்.