விடுபட்ட பெயர்

ஊர் வார இதழின் ஏழாம் பக்கம் பத்திக்காரனுடையது. மேல் பாதியில் ராக் இசை: எந்த பேண்ட் எங்கே வாசித்தது, எவன் கிடாருக்குச் சுதி சேர்க்காமலே மேடை ஏறினான். கீழ் பாதியில் தெரு: எந்தச் சாக்கடை உடைந்தது, எந்த விளக்கு எத்தனை மாதமாக எரியவில்லை. இரண்டையும் ஒரே கோபத்தில்தான் எழுதுவான். மேல் பாதியை இளவட்டங்கள் படித்தார்கள். கீழ் பாதியைப் படிக்க வேண்டியவர்கள் அதில் செருப்பைச் சுற்றி வைத்தார்கள்.

காலை ஏழிலிருந்து பத்து வரை மண் லாரி தெருவுக்குள் வரக்கூடாது என்று முச்சந்தியில் பலகையே இருக்கிறது. அந்தப் பலகையை இடித்துச் சாய்த்ததும் ஒரு மண் லாரிதான். போன வருடம் காலை எட்டு மணிக்கு, அதே இடத்தில், தபால்காரம்மாவைச் சைக்கிளோடு சேர்த்து ஒரு லாரி அரைத்துப் போட்டது. கடிதங்கள் தெருவெல்லாம் சிதறின. சக்கரத்தில் நாலைந்து கடிதம் ஒட்டிக்கொண்டிருக்க, லாரி நிற்காமல் போனது. பத்திக்காரன் தொடர்ந்து ஒன்பது வாரம் எழுதினான். லாரி முதலாளியின் சட்டை கூடக் கசங்கவில்லை. பத்தாவது வாரம் வெறுத்துப்போய், கட்டுரைக்குப் பதில் பதினாறு வரிப் பாட்டு ஒன்றை எழுதித் தங்கையிடம் கொடுத்தான்.

தங்கை முச்சந்தியை ஒட்டிய ஷெட்டில் கார்களுக்கு பெயிண்ட் அடிக்கிறவள். வார இதழ் அலுவலகத்துச் சுவரை ஒட்டிய அதன் பின்னறையில், சத்தம் குறையச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, டிரம்ஸ் போட்டிருந்தாள். லேத் பட்டறையில் வேலை செய்யும் கிடார்க்காரன் அவளுக்குக் கூட்டு, பாடுவதும் அவனே. இருவரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைப் படம் பிடித்து ஊருக்கு விட்டார்கள்.

"பேரு வேணாம், மூஞ்சி வேணாம்," என்றாள் தங்கை. "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. முக்கியமா நீ."

"நான் எதுக்குடி தொறக்கப் போறேன்?"

"உனக்கு வாய் கை நுனியில இருக்கு. அதான் பயமா இருக்கு."

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸில் ஓடியது, சலூனில் ஓடியது. மண் லாரி முச்சந்தியைத் தாண்டினால் போதும், மாடிகளிலிருந்து அதன் கடைசி வரியைக் கத்தினார்கள்: "தபால் வந்திருக்குடா, இறங்கி வாங்குடா!" லாரிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது வாரக் கட்டுரை செய்யாததை ஒரு வரி செய்தது.

பத்திக்காரனுக்குக் கை அரித்தது. ஊரே பேசும் பாட்டைப் பற்றி ராக் எழுதுகிறவன் எழுதாமல் விட்டால் சந்தேகம் வராதா என்று தனக்குத் தானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டான். எழுதினான். வரிகளைப் பற்றி மூச்சு விடவில்லை. அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை, தன்னடக்கமாம். ஆனால் யார் என்ன வாசித்தார்கள், எப்படி வாசித்தார்கள் என்று சொல்லாமல் ஒரு பாட்டை விட்டு நகர்வது அவன் பிழைப்பிலேயே கிடையாது. ஆகவே டிரம்ஸைப் பற்றி எழுதினான்: "ஒவ்வொரு நான்காவது அடியிலும் இடது கை மயிரிழை பிந்துகிறது. அது பிழையல்ல, குணம். இந்த ஊரில் அப்படி அடிக்கும் கை ஒன்றே ஒன்றுதான். பத்து வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அதைக் கேட்டு வருகிறேன்."

பெயரை எழுதவில்லையே என்று நிம்மதியாகத் தூங்கினான். மடையன். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறாள் என்று பேப்பர் போடுகிறவனுக்குக் கூடத் தெரியும்.

இதழ் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஷெட் திறக்கும் முன், தங்கை தனியாகப் பயிற்சி செய்வது வழக்கம். பாராட்டை அவளிடம் காட்டலாம் என்று இதழைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்திக்காரன் போனான். டிரம்ஸ் சத்தம் இல்லை. பின்னறைக் கதவைத் தள்ளியபோது ஹெல்மெட் போட்ட மூன்று பேர் வெளியே வந்தார்கள். முதல் ஆள் அவன் வயிற்றில் மிதித்தான். இரண்டாவது ஆள் டயர் கழற்றும் கம்பியால் முகத்தில் வீசினான். மூக்கு உடைந்த சத்தம் பத்திக்காரனுக்கே கேட்டது. மூன்றாவது ஆள் அவனைத் தாண்டிப் போனான், அவ்வளவுதான்.

உள்ளே தங்கை டிரம்ஸுக்கு நடுவில் கிடந்தாள். இடது கை ஸ்நேர் டிரம்மின் மேல் வைத்தபடியே இருந்தது. விரல்கள் எந்தப் பக்கமோ திரும்பியிருந்தன. டிரம்மின் வெள்ளைத் தோலில் ரத்தம் ஓட இடமின்றித் தேங்கி நின்றது. "தங்கம்," என்று கூப்பிட்டான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு அவன் கக்கத்தில் இருந்த இதழைப் பார்த்தாள்.

சின்ன வயதில் அவன் ஓட்டிய சைக்கிளிலிருந்து விழுந்துதான் அந்த மணிக்கட்டு முதலில் முறிந்தது. நான்காவது அடி பிந்துவதும் அதனால்தான். ஒரே கையை இரண்டு தரம் உடைத்த அண்ணன் உலகத்தில் வேறு எவனும் இருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலுக்குக் கம்பி வைத்தார்கள். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். போலீஸ் அதிகாரி வந்து, "மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. "அப்ப நான் யாரப் புடிக்கிறது?" என்று தொப்பியை மாட்டிக்கொண்டார்.

கிடார்க்காரன்தான் ரெக்கார்டரைக் கொண்டு வந்தான். பயிற்சியில் ஒரு அடி கூட வீணாகக்கூடாது என்று, பின்னறை விளக்கைப் போட்டதும் அதையும் போட்டுவிடுவது அவர்கள் பழக்கம். அது எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. அதிகாரி கேட்டுவிட்டு, குரலுக்கெல்லாம் முகம் கிடையாது என்று திருப்பிக் கொடுத்தார்.

பத்திக்காரன் காதில் மாட்டிக் கேட்டான். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பாட்டில் குறை கண்டுபிடித்த காது. ஒரு கரகரத்த குரல், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிற குரல், அவனுடைய பத்தியை வாசித்தது. "இடது கை மயிரிழை பிந்துகிறதாம்டா. இந்தக் கைதானேடி? வையி மேல." பிறகு, "வரி எழுதுனது யாரு?"

"தெரியாது."

இரும்பு விழுந்தது. அவள் கத்தியதில் ரெக்கார்டரே ஒரு கணம் கரகரத்தது.

"உங்கண்ணன்தானே? பேப்பர்ல கிழிக்கிறானே, அவன்தானே?"

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு தங்கையின் குரல், அழுகையும் நக்கலுமாக: "அவனா? அவனுக்குப் பாட்டெல்லாம் எங்கய்யா வரும்? சாக்கடையப் பத்தி எழுதச் சொல்லு, எழுதுவான். எழுதுனது நான்தான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு இரும்பு விழுந்தது. பிறகு மறுபடியும். ஒவ்வொன்றையும் எண்ணிக் கேட்டான் பத்திக்காரன். எழுதிய கைக்கு விழ வேண்டிய அடி அத்தனையும் எழுதாத கைக்கு விழுந்தது. காதிலிருந்து கழற்றிவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறினான்.

கட்டிலுக்கு அருகே போய் நின்றபோது தங்கை கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"உன்ன எவன்டா பாராட்டச் சொன்னான்?"

"தப்புதான்டி."

"பாராட்டுனியே, எழுதுனவன் பேர விட்டுட்ட பாரு."

அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழாம் பக்கத்தின் இரண்டு பாதியும் காலியாக இருந்தன. நடுவில், மற்ற பக்கங்களில் பிழைகளுக்குப் போடுவது போலவே, ஒரு சின்னக் கட்டம்: "திருத்தம். சென்ற வாரம் விமர்சித்த பாடலில் வரிகளை எழுதியவர் பெயர் விடுபட்டுவிட்டது. எழுதியது நான். டிரம்ஸ் வாசித்தவர் அல்ல. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முச்சந்தியில் நிற்பேன். ஆள் தேடுகிறவர்கள் ஹெல்மெட் இல்லாமல் வரலாம்." அதன் கீழே, முதல் முறையாக, 'பத்திக்காரன்' என்ற புனைபெயர் இல்லாமல் சொந்தப் பெயர், வீட்டு எண்.

சனிக்கிழமை எட்டு மணிக்குச் சாய்ந்த பலகையின் பக்கத்தில் நின்றான். கையில் பின்னறையிலிருந்து எடுத்த மைக் ஸ்டாண்டு. அடியில் நல்ல கனமான இரும்புத் தட்டு உள்ளது. மாடிகளில் ஆட்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் போன். தங்கையைப் பெரியம்மா வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தான்.

மண் லாரி வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஹெல்மெட் இல்லை. எவனோ ஒரு பேப்பர்காரன் கூப்பிட்டு முகத்தை மூடிக்கொண்டு போவதா என்ற ரோசம். முன்னால் வந்தவன் கையில் சுருட்டிய இதழும் டயர் கம்பியும் இருந்தன.

"எந்தக் கையால எழுதுன..." என்றான். கடைசிச் சொல்லை விழுங்கினான்.

அந்தக் குரலை ரெக்கார்டரில் நாற்பது முறை கேட்டிருந்தான் பத்திக்காரன். "வலது," என்றான். அந்தக் கையாலேயே வீசினான். இரும்புத் தட்டு முழங்காலில் இறங்கியது. கால் பின்பக்கமாக மடங்கியது. விழுந்தவனின் கை மேல் ஒரு தரம், விரல்கள் மேல் இன்னொரு தரம். அவனுக்கு அது இனித்தது, அதை மறைக்க அவன் நினைக்கவில்லை. மூன்றாவது தரம் ஓங்குவதற்குள் இன்னொருவன் கீழே விழுந்த கம்பியை எடுத்து அவன் மண்டையில் இறக்கினான்.

தெருவில் விழுந்தான். கண்ணில் ரத்தம் வழிந்தது. வலது கையை எவனோ பூட்ஸால் அழுத்திப் பிடித்தான், கம்பி மேலே போனது. மாடிப்படிகளில் திமுதிமுவென்று ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து சேரும் முன் கம்பி ஒரு முறை கீழே வந்தது.

அந்த வலிக்கு நடுவிலும் காது வேலை செய்தது. திறந்து கிடந்த ஷெட்டின் பின்னறையிலிருந்து டிரம்ஸ் சத்தம். பெரியம்மா வீட்டில் அவள் இருக்கவில்லை. ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடிக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை.