அடிமைக்கு அடிமை

வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அப்பா செத்த நாளிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை, பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொத்து வேலைக்குப் போன இடத்தில், கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சுவர் சரிந்து அப்பா போய்ச் சேர்ந்தார். வந்தவர்களெல்லாம் அழுதார்கள். இவளுக்குச் சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்றாள் அத்தை. இருக்குமோ என்று இவளுக்கே பயம்.

சரித்திர டீச்சர் வேலைக்குப் புதிது, இதெல்லாம் தெரியாது. ஆர்வக்கோளாறு வேறு. ஏதோ ஒரு ராஜா நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிவைத்த சட்டத்தை நாடகமாக நடத்தக் கிளம்பிவிட்டார். சீட்டுக் குலுக்கல்தான், வந்த வேஷத்தை மாற்றக் கூடாது. வாயாடிக்கு வந்தது 'அடிமையின் மகள்'.

வழக்கு இதுதான்: கொத்தனார் கட்டிய வீடு இடிந்து பிரபுவின் அடிமை செத்துவிட்டான். பெஞ்சு மேல் பெஞ்சு ஏற்றியது சுவர். அதன் கீழே கிடந்த ஸ்கூல் பை பிணம். விஷயம் தெரிந்த பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். டீச்சரிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம், ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை.

வாயாடி சீட்டை நீட்டினாள்.

"உனக்கு வசனமே இல்லம்மா," என்றார் டீச்சர். "அடிமையோட குடும்பத்தப் பத்தி இதுல ஒண்ணுமே சொல்லல. சும்மா நில்லு, போதும்."

நின்றாள். அது அவளுக்குப் பழகிப்போன வேலை.

நீதிபதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தீர்ப்பு வாசித்தாள். "செத்த அடிமைக்குப் பதிலா இன்னொரு அடிமையக் கொத்தனார் பிரபுவுக்குக் குடுக்கணும். வழக்கு முடிஞ்சுது!"

எல்லாரும் கைதட்டினார்கள். வாயாடிக்கு இது பார்த்த காட்சி. அப்பாவைப் புதைத்த மறுநாள் அவருடைய சாப்பாட்டு டப்பாவை வாங்க அம்மாவோடு அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா நின்ற அதே சாரத்தில் வேறொருத்தர் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தார். தலையில் அப்பாவின் ஹெல்மெட். "பாத்துப் போங்கம்மா" என்று மேஸ்திரி மரியாதையாக வழிவிட்டார்.

புது அடிமையாக, வகுப்பிலேயே ஒல்லியான ஒட்டடைக்குச்சி வந்தாள். பிரபு அவளைத் தரதரவென்று இழுத்துவந்து, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுச் சுவரின் ஓரத்தில் நிறுத்தினாள். "ம், வேலையப் பாரு!" வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"அங்க நிக்காதடி."

பேசியது யாரென்று எல்லாரும் திரும்பினார்கள். வாயாடி போய் ஒட்டடைக்குச்சியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உனக்குத்தான் வசனம் இல்லன்னு சொன்னேனேம்மா?"

"தெரியும் டீச்சர். இவள இங்க நிக்க வேணாம்னு சொல்லுங்க. சுவர இன்னும் யாருமே சரி பண்ணல."

கண்ணீர் அப்போதும் வரவில்லை. மணி அடித்து மற்ற எல்லாரும் போன பிறகும் அவள் அந்தக் கையை விடவில்லை.