சதுப்பு மானின் முகம்

இரவு ட்யூட்டி முடித்து நேரே ரயிலேறுகிற சனிக்கிழமைகளில், அன்செல்மோவுக்குத் தோளில் கேமரா தொங்குகிற மாதிரி இருக்காது. யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். புவெனஸ் ஐரிஸில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன் அவன். ஐம்பது தாண்டியாயிற்று. வாரம் முழுக்க ஊரார் எலும்பைப் படம் பிடித்துவிட்டு, வாரக் கடைசியில் பரானா ஆற்றோரச் சதுப்புக்குப் போய்ப் பறவைகளையும், அகப்பட்டால் சதுப்பு மானையும் படம் பிடிப்பான். ஏன் போகிறாய் என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பான். இப்போதெல்லாம், போகாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டுமே என்பது ஒன்றுதான் காரணம்.

கூட வருவது ஒவீதியோ. மனைவியின் அண்ணன். மனைவி என்றால் முன்னாள் மனைவி. மிர்த்தா பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருஷமாகிறது. பெரிய சண்டை ஒன்றுமில்லை. இருவருக்கும் பேச்சு தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அவள் போன வாரத்துச் சனிக்கிழமை, எதுவுமே நடக்காதது போல ஒவீதியோ வெந்நீர் ஃபிளாஸ்கும், மாத்தே என்கிற கசப்புத் தேநீர் உறிஞ்சும் குடுவையுமாக ஸ்டேஷனில் வந்து நின்றான். அன்றிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. பறவைகளுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். அவன் ஒரு தரம் இருமினால் போதும், குளத்து வாத்தெல்லாம் கிளம்பிவிடும்.

அது ஆகஸ்ட் மாதம். குளிரோடு புகையும் சேர்ந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத் தீவுகளில் யார் வைத்த தீயோ, நாட்கணக்காக நாணல் எரிந்துகொண்டிருந்தது. சதுப்பிலும் தண்ணீர் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இருவரும் கரைமேட்டில் நடந்தார்கள்.

"இன்னிக்காவது ஒரு முகம் கிடைக்குதா பாப்போம்," என்றான் ஒவீதியோ. "வருஷக்கணக்கா மானைத் தேடற. உங்கிட்ட இருக்கறது மான் ஆல்பமா மச்சான்? வெறும் பின்பக்க ஆல்பம்!"

"நீ வாய மூடிட்டு வந்திருந்தா எப்பவோ முகம் கிடைச்சிருக்கும்."

"ஆமா, என்னைப் பாத்துத்தான் ஓடுது. உன் மூஞ்சிய மட்டும் ரசிச்சுக்கிட்டு நிக்குமாக்கும்."

அன்செல்மோவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஒவீதியோவும் அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் அவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிற ஆளில்லை. எதையோ சொல்ல வாயெடுத்து வாயெடுத்து விழுங்குகிறான் என்பது புரிந்தது. கேட்டு வாங்கிக்கொள்ள அன்செல்மோவுக்குப் பிரியமில்லை.

மேடு திரும்புகிற இடத்தில், மிச்சமிருந்த குட்டையில் நின்றது மான். கிளை விரித்த கொம்புள்ள பெரிய கலைமான், செம்பழுப்பு நிறம். நேருக்கு நேராக இவர்களைப் பார்த்தது. ஓடவில்லை.

அன்செல்மோவின் விரல் தானாக அழுத்தியது. ஈரமான மூக்கு, விளிம்பில் ரோமம் சிலிர்த்த அகலக் காதுகள், புகை வெளிச்சத்தில் பொன்னாக மின்னும் கண். ஒவீதியோ இருமினான். அப்போதும் அது அசையவில்லை. அன்செல்மோ படமெடுத்து முடித்துக் கேமராத் திரையைப் பார்த்தான். இத்தனை வருஷமாக அவன் மனதில் வைத்திருந்த படம் அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே ஒரு துள்ளலும் எழவில்லை. ஏன் ஓடவில்லை இது?

ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் படத்தைப் பெரிதாக்கிக் கீழே நகர்த்தினான். சதுப்பு மானுக்குக் கால் கறுப்புத்தான். ஆனால் இந்தக் கறுப்பு வேறு. முன்னங்கால் இரண்டிலும் குளம்புக்கு மேலே தோல் வெந்து உரிந்து தொங்கியது.

"வெந்துபோயிருக்கு," என்றான். "நிக்கல அது. நடக்க முடியல."

சதுப்பின் வனக்காவல் அலுவலகத்துக்குப் போன் செய்தான். வண்டி தீயணைக்கப் போயிருக்கிறது, வர நேரமாகும், கிட்டே போக வேண்டாம், ஆனால் கண்பார்வையை விட்டு விலகவும் வேண்டாம் என்றாள் எடுத்த பெண். மேட்டில் உட்கார்ந்தார்கள். ஒவீதியோ மாத்தே ஊற்றி நீட்டினான். மான் மெல்ல மெல்ல முன்னங்கால்களை மடக்கிச் சேற்றிலேயே படுத்துவிட்டது.

"மிர்த்தா கல்யாணம் பண்ணிக்கப் போறா," என்றான் ஒவீதியோ, மானைப் பார்த்துக்கொண்டே.

அன்செல்மோ கசப்பை உறிஞ்சினான். "நல்ல ஆளா?"

"டைல்ஸ் கடை வெச்சிருக்கான். நல்லவன்தான். பேசினா நமக்குத் தூக்கம் வரும்." ஃபிளாஸ்க் மூடியைத் திருகினான். "உங்கூடச் சுத்தறது போதும்கறா. 'அவன் இனி உனக்கு யாரு, முறையா உறவா'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? ஃபிளாஸ்க்ல வெந்நீரை ஊத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

அன்செல்மோ குடுவையைத் திருப்பிக் கொடுத்தான். அழுகை வரும்போலிருந்தது, அதற்குக்கூட அலுப்பாயிருந்தது. "அவ சொல்றது சரிதானே," என்றான்.

"சரிதான். சரின்னா உடனே கேட்டுறணுமா?"

வெயில் ஏறிய பிறகே வண்டி வந்தது. போனில் பேசிய அதே பெண், யானினா, முகமெல்லாம் கரியோடு இறங்கினாள். கூட வந்த கால்நடை மருத்துவர் தூரத்திலிருந்தே மயக்க ஊசியைச் செலுத்தினார். நாலு பேரும் முழங்கால் சேற்றில் இறங்கி, தார்ப்பாயில் மானைக் கிடத்தித் தூக்கினார்கள். அன்செல்மோவின் கையில் அதன் தலை இருந்தது. கொம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தான். மூச்சில் புகை நாற்றம் அடித்தது.

"பிழைச்சுக்குமாம்மா?"

"பிழைக்கும் சார். திரும்ப இங்க விட முடியுமான்னுதான் தெரியல." யானினா கையை உதறினாள். "எடுத்த படத்துல கால் தெரியறது இருந்தா அனுப்புங்க. மருத்துவருக்கு உதவும்."

கால் தெரிகிற படங்களைத் தேடி அனுப்பினான். முகப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவுமில்லை.

திரும்புகிற ரயிலில் இருவர் கால்சட்டையிலும் சேறு காய்ந்து உதிர்ந்தது. எதிரே இருந்த அம்மாள் தன் பையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். அன்செல்மோவுக்குக் கண் சொருகியது. இத்தோடு சரி என்று ஒவீதியோ சொல்லப்போகிறான், தூங்கிவிட்டால் கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்தான்.

"வர்ற வாரம் தெக்குப் பக்கக் குளத்துக்குப் போலாமா?" என்றான் ஒவீதியோ. "இங்க புகை தாங்கல."

அன்செல்மோ கண்ணைத் திறக்கவில்லை. "தங்கச்சிகிட்ட என்ன சொல்லுவ?"

"மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிக்கறேன்."

"மீன் எங்கன்னு கேட்டா?"

"வாங்கிட்டுப் போறேன். நீ தூங்கு மச்சான், ஸ்டேஷன் வந்தா எழுப்பறேன்."

அன்செல்மோ தூங்கிப்போனான்.