வெறும் தண்ணீரில் நீலம்

சித்தப்பாவின் மீன் கூண்டுகள் ஏரியில் இருக்குமா போகுமா என்பது நகராட்சியின் கையில் இருந்தது. நகராட்சியின் கையில் இருந்ததோ அண்ணன் மகள் எழுதிய ஆய்வு.

அவள் சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. கோடை விடுமுறை ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கிடைத்தபோது, அப்பா இல்லாத அந்த வீட்டில் சித்தப்பாதான் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார். ஏரியில் பாஸ்பேட் எவ்வளவு என்று பார்க்கும் வேலை. அது மிகுந்தால் பாசி மண்டும், மீன் சாகும். எல்லாம் கூண்டு மீன்களுக்குப் போடும் தீவனத்தால் வருவது என்பது அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியையின் கட்சி. கூண்டோரத் தண்ணீரை எடுக்கச் சித்தப்பாவே படகு தள்ளிக்கொண்டு போனார். தன் கையே தன் கண்ணைக் குத்தும் என்று யார் கண்டது?

ஒப்பிட்டுப் பார்க்க, கூண்டுகள் இல்லாத மேற்கரைக்கு ஆய்வகத்திலிருந்தே பாட்டில் எடுத்துப் போவாள். கூண்டுகள் வீட்டுக்குப் பக்கம் என்பதால் அதற்கான பாட்டில்களை வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மருந்து விட்டால் பாஸ்பேட் உள்ள தண்ணீர் நீலமாகும். மேற்கரை வெளிறிக் கிடந்தது, கூண்டோரம் மை கொட்டியது போல் நீலம். பேராசிரியைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அறிக்கை நகராட்சிக்குப் போனது, கூண்டுகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறுபரிசோதனை கேட்க வெள்ளிக்கிழமை வரை தவணை.

புதன்கிழமை, வீட்டிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த பாட்டில் ஒன்றில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, சும்மா மருந்து விட்டுப் பார்த்தாள். ஒன்றுமே இல்லாத தண்ணீர் நீலமானது.

வீட்டுக்கு ஓடினாள். "அம்மா, என் பாட்டிலை எல்லாம் என்ன பண்ணே?"

"ஒரே சேறு, பாசி நாத்தம். ஒவ்வொரு தடவையும் சோப்புத்தூள் போட்டுத் தேச்சு வெச்சேன். நீ சொல்லாமலே செய்யறவடி உங்கம்மா."

சோப்புத்தூளிலேயே பாஸ்பேட் உண்டு. அந்தப் பாட்டில்களில் சோப்பே படக்கூடாது என்று அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? இந்த மகாராணியும் சொல்லவில்லை. சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே இருந்த சோற்றிலும் மண்ணைப் போட்டது.

மறுநாள் பேராசிரியை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "ஒரு பாட்டில் தானே? எல்லாப் பாட்டிலும் அப்படின்னு நிரூபிக்க முடியுமா?"

"மறுபடி தண்ணி எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும், மேடம்."

"உதவித்தொகை முடிஞ்சுது. போஸ்டர் அச்சாயிடுச்சு. மாநாட்டுக்கு உன்னைத்தான் அனுப்பறேன். மேல்படிப்புக்குச் சிபாரிசும் நான்தான் எழுதணும். யோசிச்சுப் பேசும்மா."

யோசித்தாள். அதுதான் அவள் செய்த பாவம். நாள் முழுக்க யோசித்தாள். வெள்ளிக்கிழமையும் உச்சி சாய்ந்த பிறகுதான் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, மறுபரிசோதனை கேளுங்க. உடனே போங்க."

"காலையிலேயே போனேன். வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"ஐயோ, ஏன்?"

"அந்தக் கிளார்க் கேக்கறான், 'சின்னப் பொண்ணு பாத்தது, தப்பா இருக்கலாம், இன்னொருத்தர வெச்சுப் பாக்கலாமா'ன்னு. எனக்கு வந்துச்சே கோவம். எங்க வீட்டுப் பொண்ணு பாத்ததை இன்னொருத்தன் பாக்கணுமா? கூண்டு போனா போகுது, உன் பேரு நிக்கணும்."

எல்லாவற்றையும் சொன்னாள், அம்மா போட்ட சோப்புத்தூள், நீலமான வெறும் தண்ணீர், மேடம் சொன்னது, ஒன்று விடாமல்.

சித்தப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினார்.

"உங்கம்மா சோப்புப் போட்டுக் கழுவினதால என் பொழப்பு போச்சா? எனக்காகப் பொய் சொல்லாதே கண்ணு. ஆராய்ச்சி பண்றவ பொய் பேசக்கூடாது."