கோசிக்கரையில் ஒரு மைல்

ஆவணி நடுப்பகல். வானமோ சாயங்காலம் போல இருண்டு கிடந்தது. கோசியாற்றின் கிழக்கே வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய மண்கரையில் ஒரு மைல் தூரம் கைலு சதாவின் காவல். வெள்ளக்காலம் முழுக்க அந்த ஒரு மைலை நடந்துகொண்டே இருப்பான். நரி வளை, எலி வளை தேடி அடைப்பான். கரைக்கு வெளியே இருபது ஊர். கரைக்கு உள்ளே, ஆற்றை ஒட்டி, அவனுடைய சனங்களின் குடிசைகள். கரை கட்டியவர்கள் அவர்களை உள்ளேயே விட்டுக் கட்டிவிட்டார்கள். அதனால், பாருங்கள், கரை நின்றால் அவன் வீடு போகும். உடைந்தால் வெள்ளம் வெளியே பாய்ந்து, அவன் வீடு பிழைக்கும்.

அன்று வெளிச்சரிவின் அடியில், புல்லுக்குள், மண் கொதித்தது. குமிழ் விட்டு வந்த தண்ணீரைக் கைலு உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். தெளிவாக வந்தால் பயமில்லை. இது பால் விட்ட டீ மாதிரி வந்தது. ஆறு கரையை உள்ளிருந்து தின்கிறது. சுற்றிலும் ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை.

இப்படி ஊற்றெடுத்தால் அடைக்கக் கூடாது. வேறு இடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கிக் கிணறு போலக் கட்ட வேண்டும். உள்ளே ஏறுகிற தண்ணீரின் கனமே ஊற்றை அமுக்கும். கைலு முதல் மூட்டையைத் தூக்கினான்.

கைலுவின் மனைவி புலேசரியும் தம்பி பிந்தேசரும் படகை ஆற்றுப் பக்கம் கட்டிவிட்டுக் கரையேறி வந்தார்கள். ஊற்றைப் பார்த்ததும் பிந்தேசரின் குரல் தாழ்ந்தது.

"அண்ணே, விட்டுடு. கரையை வெட்டுன்னு சொல்லலை. சும்மா இருன்னுதான் சொல்றேன். படகுல உக்காந்து ஒரு பிடி அவல் தின்னு. மத்ததை ஆறு பாத்துக்கும்."

"மூட்டை நனைஞ்சு கனக்குது. அந்த முனையைப் பிடி."

"நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்ற!"

"அவர்கிட்டயா கேக்குற?" என்றாள் புலேசரி. "பந்தக்கால் ஆடுதுன்னு கல்யாண மணையிலேருந்து எழுந்து போன மாப்பிள்ளை." அவள் முகத்தில் சிரிப்பில்லை. கைலு பக்கம் திரும்பினாள். "நம்ம வாசல்ல இடுப்பளவு தண்ணி. கரைக்கு வெளிய இருக்குற ஊர்க்காரன் அவன் கிணத்தைத் தொட நம்மள விடுவானா? கைலுதான் காப்பாத்தினான்னு ஒருத்தன் சொல்லுவானா?"

"சொல்ல மாட்டான்." மூட்டையை வைத்து மிதித்தான்.

"நாளைக்கு வேற மைல்ல உடைஞ்சா?" என்றான் தம்பி. "நீ செஞ்சதெல்லாம் வீண்தானே?"

"அது அந்த மைலு. இது என் மைலு."

புலேசரி சேலையை இடுப்பில் செருகினாள்.

"பசு கட்டிக் கிடக்கு. அவுத்துப் பரண்ல ஏத்தணும். நீ உன் வேலையைப் பாரு. நான் என் வேலையைப் பாக்குறேன்."

"அண்ணி, திரும்பிப் போனா வர முடியாது!" என்று கத்திக்கொண்டே பிந்தேசர் பின்னால் ஓடினான்.

கைலு தோளில் மூட்டையோடு நின்றான். கூப்பிட வாய் திறந்தான். காலடியில் மண் இன்னொரு தரம் பொங்கியது. குனிந்து மூட்டையை வைத்தான்.

இடுப்பளவு அடுக்கி முடித்தபோது மழை வந்துவிட்டது. கிணற்றுக்குள் தண்ணீர் ஏறி நின்றது. வழிந்ததை ஏந்திப் பார்த்தான். தெளிந்திருந்தது; கைரேகை தெரிந்தது.

அதன்பிறகுதான் கரைமேல் ஏறினான். ஆற்றுப் பக்கம், காலையில் ஒன்பது கூரை தெரிந்த இடத்தில் இப்போது நான்கு. படகைக் காணவில்லை. எந்தக் கூரைப் பக்கமிருந்தோ ஒரு பசு விட்டு விட்டுக் கத்தியது. அந்தச் சத்தம் வந்த திசையில் ஓரடி எடுத்து வைத்தான்.

பின்னால், ஐம்பதடி தள்ளி, புல்லுக்குள் உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பசு இன்னொரு தரம் கத்தியது.

கைலு திரும்பி இறங்கி, அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றினான்.