தாட்சாயிணியின் நோட்டு

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வீரராகவன் வந்தான். என் மனைவி தாட்சாயிணிக்கு மாமன் மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். மெட்ரிகுலேஷனோடு நின்று, ஆவடி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறான். நான் பி.ஏ. என்பதால் எனக்குக் கொடுத்தார்கள்.

பிள்ளை பெறாமல் இறந்தவளின் பெட்டி பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் குடும்பங்களில் அது வழக்கம். அதை எடுத்துப்போகத்தான் வந்திருந்தான்.

பூட்டுமுன் பார்த்தேன். புடவைகளுக்கு அடியில் ஒரு நோட்டு. உள்ளே இங்கிலீஷ் சொற்கள், பென்சில் கோட்டால் துண்டு துண்டாக அறுக்கப்பட்டு. எழுத்து அவளுடையது. கோடு வேறு கை.

ஒரு பக்கம் முழுவதும் ஒரே சொல். இம்பாசிபிள். இம், பா, சி, பிள் என்று நான்காக. 'பா'வின் தலையில் ஒரு சாய்கோடு. 'இம்'மை வட்டமிட்டு, 'இல்லை என்பது' என்று எழுதியிருந்தாள். மீதிக்குக் கீழே, 'முடியும்'.

அது என் சொல், எதற்கும் வாயில் வருவது. அவள் இங்கிலீஷ் சொல்லித் தரக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.

"நீ போட்ட கோடா?"

"ஆமா அண்ணாத்தே. எங்க ஸ்டேசன்ல ஊட்லயும் இங்கிலீஷே பேசற சட்டைக்காரரு ஒருத்தர் கீறாரு, அவராண்ட கத்துக்கினது. அத்தை ஊட்டுக்கு வரச்சொல்லோ இத்த சொல்லிக் குடுன்னு கேப்பா. கையத் தட்டிகினே சொல்லுவா. 'பா' வந்தா ஓங்கி ஒண்ணு. அத்தை பயந்துடும்."

சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. பதினேழு நாளில் எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அதிலும் அவன் முந்திக்கொண்டான்.

"நோட்டு இங்கே இருக்கட்டும்."

"அதெப்டி? பொட்டில கீறதெல்லாம் அத்தைக்குத்தான்." நோட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணு கேக்கறேன் அண்ணாத்தே. தப்பில்லாம வந்ததும் உங்களாண்ட சொல்லிக் காட்றேன்னு இருந்தா. காட்டுனாளா?"

இல்லை. அவள் வாயிலிருந்து ஓர் இங்கிலீஷ் சொல்லை நான் கேட்டதே இல்லை. இவன் கேட்டிருக்கிறான்.

"காட்டினாள்," என்றேன்.

"எப்போ?"

"ஜுரம் வருவதற்கு முதல் நாள்."

"தப்பில்லாம?"

"தப்பில்லாமல்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சபாஷ் என்றேன்."

அவன் நோட்டை விட்டுவிட்டான். "கெட்டிக்காரி! நீங்களே வெச்சிக்கங்க. அத்தையாண்ட நான் சொல்லிக்கிறேன்."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்தான். எட்டரை வண்டியைப் பிடித்துவிடுவான். மத்தியானத்துக்குள் தாட்சாயிணியின் அம்மா காதுக்கு எட்டியிருக்கும், மகள் என்னிடம் கையைத் தட்டிச் சொல்லிக் காட்டினாள் என்று. அவர்களுக்கு அது நடந்துவிட்டது.