ஐம்பத்தேழு கிராம்

1

இந்தக் கதை கிண்டலாகத்தான் பிறந்தது. ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வரப்போகிற ஒரு வீடியோ கேம் கன்சோலின் இறுதி வன்பொருள் விவரப் பட்டியல் போன மாதம் வெளியானது. ஒன்பது பக்கம். நினைவகம் இவ்வளவு, விசிறி நிமிடத்துக்கு இத்தனை சுற்று, எடை இவ்வளவு. ராக்கெட் விடுகிற தோரணை. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு புகழ்ச்சி, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி விறைப்பாக நின்றது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: 'பொத்தானை அழுத்தத் தேவையான விசை 57 கிராம். மனித விரலின் ஆழ்ந்த உள்ளுணர்வுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது.'

எனக்கு இது போதும். இதை வைத்தே பத்திரிகையில் நான் எழுதும் கேலிப் பத்தியை இரண்டு வாரம் ஓட்டிவிடலாம். 'விரலுக்கே உள்ளுணர்வு என்றால் முழங்கைக்கு என்ன குறை' என்று தொடங்கி, அந்த வரியைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் எங்கள் பழைய தெருக்காரப் பெண் ஹுமா அழைத்தாள்.

"அண்ணே, சிரிக்காதீங்க. அந்த அம்பத்தேழு எங்க அத்தாவோடது."

2

பத்தியை விட்டுவிட்டு இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'தொண்ணூறுகளின் மதுரையில், பழங்காநத்தத்தின் நெரிசலான ஒரு தெருவில், ஒரு கனவு...'

(இல்லை. அந்தத் தெருவில் கனவெல்லாம் கிடையாது. ஒரு பரோட்டாக் கடை, ஒரு சைக்கிள் கடை, நடுவில் ஹுமாவின் அத்தா, அதாவது அப்பா, நைனா முகமதுவின் வீடியோ கேம் கடை.)

இரண்டாம் தொடக்கம்: 'அந்தக் கடையின் முடிசூடா மன்னன் நான்.' இதை ஹுமாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டாவது ஸ்டேஜையே நீங்க தாண்டுனதில்லயேண்ணே. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

அப்போது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினேழு. சாட்சி பலமாக இருப்பதால் அந்த வாக்கியத்தைக் கைவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாலு டிவி, எட்டு ஜாய்ஸ்டிக். நாங்கள் அமுக்கிய அமுக்கில் சுடும் பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் மாதம் ஒன்றாகத் தொய்ந்துபோகும். மாற்று ரப்பர் எங்கும் கிடைக்காது. நைனா முகமது சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கிவந்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, அடியில் ஒட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் பிரித்து, பிளேடால் சீவி, மறுபடி ஒட்டுவார். எட்டும் ஒரே மாதிரி அமுங்க வேண்டும் அவருக்கு. தோற்றவன் ஜாய்ஸ்டிக்கைக் குறை சொல்லிவிடக் கூடாது.*

* நான் சொல்லியிருக்கிறேன். "பட்டன் சரியில்ல பாய்." அவர் வாங்கி, ஒருமுறை அமுக்கிவிட்டுத் திருப்பித் தந்தார். "பட்டன் நல்லாத்தான் இருக்கு தம்பி. வெரலத்தான் மாத்தணும்."

3

ஹுமா இப்போது ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகர். கம்பெனி ஒத்தக்கடையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (அங்கே இல்லை.) மேற்படி கன்சோலின் பொத்தான்களுக்கு அடியில் வரும் ரப்பர் இங்கிருந்துதான் போகிறது.

ஆர்டருக்கு முன்னால் கன்சோல்காரர்கள் மூன்று மாதிரிகள் கேட்டார்கள்: 65, 70, 75 கிராம் விசையில் ஒவ்வொன்று. வைத்து அனுப்ப ஒரு தட்டையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். தட்டில் நாலு குழி.

"மூணுதான கேட்டாங்க?"

"ஆமாண்ணே. நாலாவது குழி காலியா இருந்துச்சு. ஒருத்தவங்க வீட்டுச் சட்டிய வெறுஞ்சட்டியாவா திருப்பிக் குடுப்போம்?"

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. முப்பத்தெட்டு வயதுத் தரப் பரிசோதகர் ஒருவர் இப்படிச் செய்வாரா? அந்த வரியையே அடித்துவிடலாம் என்று கை போனபோது, நோன்புக் கஞ்சியோடு எங்கள் வீட்டுக்கு வரும் தூக்குச்சட்டி நினைவுக்கு வந்தது. அம்மா அதைக் கழுவி, முறுக்கு நிறைத்துத்தான் திருப்பி அனுப்புவாள். தூக்கிக்கொண்டு போனது இவள்தான். அடிக்கவில்லை.

அத்தா மவுத்தாகி, மண்ணுக்குப் போய் ஆறு வருடம். அவர் கையால் சரிபார்த்த ஜாய்ஸ்டிக் ஒன்று ஹுமாவிடம் மிச்சம் இருந்தது. அதை விசை அளக்கும் கருவியில் வைத்தாள். ஐம்பத்தேழு என்றது. மீந்துகிடந்த மிருதுவான ரப்பரில் அதே அளவுக்கு ஒன்று வார்த்து, நாலாவது குழியில் வைத்தாள். பதிவேட்டில் ஏற்றவில்லை.

கன்சோல் கம்பெனியில் நாற்பது பேரை, எது எத்தனை கிராம் என்று சொல்லாமல் அமுக்கச் சொன்னார்களாம். முப்பத்தொரு பேர் நாலாவதுதான் வேண்டும் என்றார்கள். உள்ளுணர்வு கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு இம்புட்டுத்தான்.

4

வெள்ளிக்கிழமை அவர்களுடைய தரத் தணிக்கை ஆடிட்டர் வருகிறார். படிவத்தில் ஒரு கட்டம்: 'இந்த மதிப்புக்கு அடிப்படை என்ன?' கையெழுத்துப் போட வேண்டியவள் ஹுமா. உண்மையை எழுதினால், கேட்காததை அனுப்பியதும் பதிவில் ஏற்றாததும் சேர்ந்து வேலை போகும். பொய் எழுதிப் பிடிபட்டால் வேலையோடு ஆர்டரும் போகும்.

மேலாளர் சிவபாண்டிக்கு இதில் குழப்பமே இல்லை. "ஆராய்ச்சின்னு போட்டு விடும்மா. அதப் பாத்தா எவனும் மேக்கொண்டு கேக்க மாட்டான்."

முடிவு ஒன்று: உண்மையை எழுதுகிறாள். படித்த ஆடிட்டர் கண்கலங்கி... (ஆடிட்டரைக் கண்கலங்க வைத்துவிட்டு நான் அரை மணி நேரம் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.)

முடிவு இரண்டு: 'ஆராய்ச்சி' என்று எழுதுகிறாள். பதவி உயர்வு. வெளியீட்டு விழா மேடையில் ஒரு கோட்டுக்காரர் விரலின் உள்ளுணர்வு பற்றிப் பேச, கைதட்டல்...

இரண்டையும் ஹுமா படித்தாள்.

"ரெண்டுலயும் அத்தா இல்லண்ணே."

"ஒன்னாவதுல இருக்காரும்மா."

"அதுல ஆடிட்டர்தான் இருக்காரு. படிவத்துல அத்தா பேர எழுத வழியில்ல. நீங்களாச்சும் எங்கயாவது எழுதுங்க."

"எழுதுனா ஒனக்குத்தான வம்பு."

"பொய் சொல்றதுதான ஒங்க வேல. கொஞ்சம் கலந்து எழுதுங்க."

5

கலந்திருக்கிறேன். ஐம்பத்தேழு அசல் எண் இல்லை, பட்டியலில் தேடாதீர்கள். ஹுமா, ஹுமா இல்லை. சிவபாண்டி வேறு யாரோ. தட்டில் நாலு குழியும் இல்லை. மாற்றாமல் விட்டது நைனா முகமது என்ற பெயரையும் பழங்காநத்தத்தையும் மட்டும்தான். ஆடிட்டருக்குத் தமிழ் தெரியாது என்று சிவபாண்டி சத்தியம் செய்கிறார்.

நேற்று ஹுமா அந்த ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். விரல் நேராக இரண்டாவது ஸ்டேஜில் போய் நின்றது. வழக்கம்போல அங்கேயே செத்தேன். பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது வியாழன் மதியம். படிவம் இன்னும் அவள் மேசையில்:

மதிப்பு: 57 கிராம்

அடிப்படை: ....................

இருபது வருடமாக அடுத்தவர் எழுதியதைக் கேலி செய்தே பிழைத்தவனுக்கு, அந்த ஒரு கட்டத்தில் எழுத ஒரு வார்த்தை வரவில்லை. காலியாகவே உங்களிடம் தருகிறேன். உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் வெறுஞ்சட்டியைத் திருப்பித் தருவதில்லை.